களிம்பு

நான் பார்ப்பது தலைகள்.
குத்தாயிசி நடனக் குழுவில் பதினெட்டுப் பெண்கள்,
முப்பத்தாறு சவுரிகள்.
ஒவ்வொன்றும் முழங்காலைத் தொடும்.
நனைந்தால் ஒரு சின்னக் கோழியின் கனம்.
திங்கட்கிழமைகளில் வினிகர் தண்ணீரில் அலசி
குளியலறைக் கொடியில் தொங்கவிடுவேன்.
நிறம் வெளுத்தால் பச்சை அக்ரூட் தோல் வேகவைத்த சாயம்.
அதற்குள் கைவிட்ட விரல்கள் ஒரு மாதம் கறுப்பு.

சவுரியைச் சீவுவது சுலபம், அது முகம் சுளிக்காது.
அதைத் தாங்கும் நெற்றியோரம்தான் பாடு.
மக்வாலாவுக்கு இருபத்தாறு வயது,
காதுக்கு மேலே காசளவு இடம் வெறிச்சென்று.
கண்மை தொட்டு அங்கே அடைக்கிறேன்.
ஞாயிறு ஒருநாள் பின்னாதே, கட்டாதே, ஊக்குக் குத்தாதே,
அவிழ்த்துவிட்டுச் சும்மா இரு என்கிறேன்.
சும்மா இருக்கத் தெரிந்தவள் ஆட வருவாளா?

கால்கள் என் இலாகா அல்ல.
ஆண்களின் கால்கள் யாருடைய இலாகாவும் அல்ல.
மெல்லிய தோல் பூட்ஸ். உள்ளே அட்டை இல்லை, பஞ்சு இல்லை.
விரல்களை மடக்கி, விரல்முட்டியின் மேல் நின்று ஆடுவார்கள்.
முட்டிதோறும் காய்ப்பு,
ஆட்டுக்கொம்பின் நிறத்தில்.
எட்டு வருடம் பிடிக்கும் அது வர.

பிப்ரவரியில் ஒரு வெள்ளி,
இடைவேளை மணிக்கு ரமாஸ் என் அறைக்கு வந்தான்,
பூட்ஸைக் கழற்றாமல்.
"சியாலா, ஊசி நூல் இருக்கிறதா?"
"என்ன கிழிந்தது?"
"நான்."

பாலில் ஊறிய ரொட்டிபோல்
உரிந்து கிடந்தது காய்ப்பு. அடியில் சிவப்பு.
மோந்து பார்த்தேன்.
ரோஜா. தேன்மெழுகு. வாதுமை எண்ணெய்.
அவனுக்கு மணமாகி ஒன்பது நாள்.

"எலிசோதான்" என்றான்.
"நான் தூங்கிய பிறகு பூசுகிறாள்.
நான் தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறேன்."

"வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லையா?"

சவுரிக் கூடையைப் பார்த்தான்.
"இதுவரைக்கும் என் காலை யாரும்" என்று தொடங்கி
"ஊசியைக் கொடு" என்று முடித்தான்.

ஊசி கொடுக்கவில்லை.
படிகாரத் தண்ணீர், பஞ்சு, ஒட்டுத்துணி.
தலைக்கு வைத்திருந்ததைக் காலுக்குக் கட்டினேன்.
போய் ஆடினான்.
திரையோரம் நின்று முதல்முறையாக
நான் கால்களை மட்டும் பார்த்தேன்.
வாளும் வாளும் உரசிப் பொறி பறக்க
முட்டியில் விழுந்து அவன் எழுந்தபோது
ஜனம் கைதட்டியது.
நான் பல்லைக் கடித்தேன்.

மறுநாள் சொல்லப் போனது நான்தான்.
ரியோனி ஆற்றைப் பார்த்த ஆறாம் மாடி,
காசு போட்டால்தான் நகரும் லிப்ட்.
என்னிடம் சில்லறை இல்லை, படியேறினேன்,
மாடிக்கொரு வாக்கியமாக ஒத்திகை பார்த்துக்கொண்டு.

எலிசோவுக்கு மருந்துக்கடையில் வேலை.
"காய்ப்பு என்பது செத்த தோல்" என்றாள்.
"அவனுக்கு அதுதான் சம்பளம்" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை.
பைஜாமாவை முழங்கால்வரை ஏற்றினாள்.
கெண்டைக்கால் முழுக்கக் கீறல்,
குறுக்கும் நெடுக்கும், சில பழையன, ஒன்று இன்று விடிகாலையது.
"தூக்கத்திலும் ஆடுகிறான்" என்றாள்.

ஆறு மாடி ஒத்திகையில் இதற்கு வாக்கியம் இல்லை.
தேநீர் குடித்தோம். முரப்பா நன்றாக இருந்தது.

வாசலில் அந்தக் களிம்பு டப்பாவை என் கையில் திணித்தாள்.
மக்வாலாவின் காதுக்கு மேலே தடவி வருகிறேன்.
பூனைமுடிபோல் ஏதோ தெரிகிறது என்கிறாள் அவள்,
எனக்குத் தெரியவில்லை.

ரமாஸின் முட்டி மறுபடி காய்க்கத் தொடங்கிவிட்டது.
எலிசோ இரவில் முழங்கால்வரை
கம்பளிக் காலுறை போட்டுக்கொள்கிறாளாம்.
கோடை வரட்டும், பார்ப்போம் என்கிறாளாம்.